சோக் போட்டா மட்டும் ஓடுற பழைய தண்ணி மிசினுக்கு போர் அடிக்கத்தான் வேணுமா?

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். மத்த ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு சுருக்கிச் சொல்றன். அப்பாட பழைய 2 இஞ்சி தண்ணி மிசின், 2022 ல பெற்றோலுக்கு வரிசை நிண்ட காலத்தில மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்க வாடிக்குள்ள தூக்கி வச்சது, இப்ப கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) தண்ணி இறைக்க எடுத்தா சோக் போட்டா பத்துது, சோக்கத் திறந்தா நிண்டுடுது, பாதிச் சோக்கில விட்டா ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுது, அப்பிடி அரை மணித்தியாலம் ஓடினா தானா நிக்குது, மறுகா ஆறினாத்தான் பத்துது. கராஜில குடுத்தா அவர் கேச் (அமுக்கம் அளக்கிற மீட்டர்) வச்சுப் பாத்திட்டு கம்ப்ரசன் (சிலிண்டருக்குள்ள காத்த அமுக்கிற பலம்) இல்ல, போர் அடிச்சு (தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு) பிஸ்டன் ரிங் எல்லாம் மாத்தணும் எண்டு புது மிசின்ட அரைவாசி விலையச் சொல்லியிரிக்கார். நீங்க கேட்டது போர் அடிக்கிறதா, புதுசு வாங்குறதா எண்டு. ஆனா எழுத்துக்குள்ள கிடக்கிற கேள்வி அதில்ல, அந்த மனுசன் சொன்னது மெய்யா, அப்பா புழங்கின சாமான வீசாம வச்சிரிக்க ஏலுமா எண்டுதான் கேக்கிறீங்க. நானும் அதுக்குத்தான் பதில் எழுதுறன்.

நான் செங்கலடியில ஒரு பாசுக்கு (மெக்கானிக்குக்கு) கையாளா நிண்டு பழகினவன், அப்ப எனக்கு 16 வயசு, முதல் ரெண்டு வருசமும் சாமான் கழுவுறதும் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறதும்தான் வேலை. இப்ப முப்பது வருசத்துக்கு மேல போயிட்டு. தண்ணி மிசின், மருந்தடிக்கிற மிசின், ஜெனரேட்டர், லேண்ட்மாஸ்டர் எண்டு படுவான்கரையில இருந்து வாற எல்லாத்தையும் கழட்டிப் பூட்டியிரிக்கன். கார் எஞ்சின் எனக்கு அவ்வளவு ஓடாது, அத முதல்லயே சொல்லிட்டன்.

என்ட கணிப்பு இதுதான், உங்கட மிசின் தேயல்ல, பட்டினி கிடக்கு. சோக் எண்டிறது காத்து வாற வாயப் பொத்துற தகடு. அதப் பொத்தினா காத்து குறையும், பெற்றோல் கூட இழுபடும். குளிர்ந்த மிசினுக்கு அது வேணும், ஆனா ரெண்டு மூணு நிமிசம் ஓடிச் சூடேறின பிறகும் சோக் இல்லாம நிக்க மாட்டன் எண்டு ஒரு மிசின் சொல்லுதெண்டா அதுக்கு பெற்றோல் காணாது எண்டுதான் அர்த்தம். இதில எனக்கு சந்தேகமே இல்ல. அந்த ஏறி இறங்கி ஓடுறதும் அதே வருத்தம்தான். கவர்னர் எண்டு ஒண்டு உள்ளுக்க இரிக்கு, ஸ்பீட் விழுந்தா அது எக்சலேட்டரத் திறக்கும், ஏறினா மூடும். பெற்றோல் காணாம ஸ்பீட் விழுது, கவர்னர் அகலமாத் திறக்குது, கொஞ்சம் பெற்றோல் கூட வருது, ஒரேயடியா ஸ்பீட் ஏறுது, கவர்னர் மூடுது, திரும்பவும் விழுது. வாய்க்கால் மடையில சல்பீனியா அடைச்சுக் கிடக்க, மடைய முழுசாத் திறந்தாலும் உங்கட வயலுக்கு விட்டு விட்டுத்தானே தண்ணி வரும், அதுமாதிரித்தான். கவர்னர் பழுது எண்டு அந்த ஸ்ப்ரிங்க வளைக்கிற ஆக்கள் இரிக்காங்க, தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க.

இப்ப கராஜ்காரர் சொன்ன கம்ப்ரசன் கதைக்கு வாறன். நீங்க போட்ட படத்தில ஸ்டிக்கர் எல்லாம் போயிட்டு, ஆனா உடம்பப் பாத்தா ஹொண்டா ஜீஎக்ஸ் 160, இல்லாட்டி அதப் பாத்து சீனாவில செஞ்ச 168 வகை. ரெண்டும் 163 சீசீ சுத்துவட்டாரம்தான், சாமானும் கனக்க ஒண்டுக்கொண்டு பொருந்தும். இந்த மிசின்ல கயிறு லேசா இழுபடட்டும் எண்டு கேம்சாஃப்ட்ல (வால்வுகளத் திறக்கிற தண்டில) ஒரு சின்ன வேலை செஞ்சு வச்சிரிக்கான். கயிறு இழுக்கிற ஸ்பீட்ல எக்சோஸ் வால்வு (புகை வெளிய போற வால்வு) ஒரு மயிரளவு திறந்து காத்த விட்டிடும், மிசின் பத்தி ஸ்பீட் ஏறினா அது விலகிடும். அதால கயிற இழுத்து கேச்ச வாசிச்சா பொட்டியால எடுத்த புது மிசினும் கம்ப்ரசன் குறைவாத்தான் காட்டும். மோட்டார் சைக்கிள் பாக்கிற பாஸ்மார் கன பேர் இதுல பிழை விடுவாங்க. அவர் உங்கள ஏமாத்தினார் எண்டு நான் சொல்லல்ல, தனக்குத் தெரிஞ்ச கணக்க இந்த மிசினுக்கும் போட்டிருப்பார்.

போர் அடிக்க வேணும் எண்டா அதுக்கு அறிகுறி வேற. சைலன்சரால நீலப் புகை வரும், ஓயில் குடிக்கும், பிளக்கக் கழட்டினா கறுத்த ஓயில் ஈரமா இரிக்கும். நீங்க புகை இல்ல, ஓயில் குறையல்ல எண்டு எழுதியிரிக்கீங்க. அப்ப போர் அடிக்கிறது கடைசி வேலை, முதல் வேலை இல்ல. இன்னும் மனசு கேக்கல்ல எண்டா காத்தடிக்கிற கொம்ப்ரசர் இரிக்கிற எந்தக் கராஜிலயும் ஒரு சோதனை செய்யலாம். ரெண்டு வால்வும் மூடின இடத்தில பிஸ்டன மேல நிப்பாட்டி, பிளக் ஓட்டைக்குள்ளால காத்த விட்டு எங்கால சீறுது எண்டு காதக் குடுத்துக் கேக்கிறது. சைலன்சராலயா, எக்சோஸ் வால்வு. காபரேட்டராலயா (பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமான்), இன்லெட் வால்வு. ஓயில் ஊத்துற ஓட்டையாலயா, அப்ப ரிங். காத்து விடக்குள்ள மிசின் சடார் எண்டு சுத்தப் பாக்கும், கை கவனம்.

சரி, எங்க தொடங்குறது. காசு போகாத இடத்தில தொடங்குங்க, ஒரு நேரத்தில ஒண்ட மட்டும் மாத்துங்க. ஒரே நாளில பிளக், கொயில் (பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற சாமான்), காபரேட்டர் மூண்டையும் மாத்திட்டு மிசின் ஓடினா எது பழுது எண்டு தெரியாமலே போயிடும், அடுத்த கன்னைக்கு அதே வருத்தம் வந்தா திரும்பவும் மூண்டுக்கும் காசு.

முதல்ல தாங்கிக்குள்ள கிடக்கிற பெற்றோல முழுசா வெளிய எடுங்க. 2022 ல வச்சது எண்டா அது இப்ப பெற்றோல் இல்ல. மணந்து பாருங்க, வார்னிஷ் மாதிரி ஒரு புளிச்ச மணம் அடிக்கும், நிறமும் தேத்தண்ணி மாதிரி மாறியிரிக்கும். பெற்றோல்ல லேசான பங்கு முதல்ல பறந்திடும், மிச்சம் பிசினாப் போய் காபரேட்டருக்குள்ள ஒட்டும். அந்த நேரம் சனம் கலன் கலனா வாங்கி வச்சது, அதுக்குள்ள மண்ணெண்ணெய் கலந்தும் இரிக்கலாம். அப்பா மண்ணெண்ணெய் விட்டாரா எண்டு வீட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க. 2022 ஆகஸ்ட் மட்டும் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபா, மறுகாதான் ஒரேயடியா 340 ஆக்கினது, அதுவரைக்கும் பெற்றோல் மிசினுக்கு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டின கமக்காரர் எத்தினையோ பேர் என்னட்ட வந்தவங்க. மண்ணெண்ணெய்க்கெண்டே செஞ்ச மிசின் வேற, அதுட கம்ப்ரசன் குறைவு, பெற்றோல்ல பத்த வச்சு சூடேத்தித்தான் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும், நிப்பாட்ட முதலும் பெற்றோலுக்கு மாத்தித்தான் நிப்பாட்டணும். யாழ்ப்பாணத்தில தொண்ணூறுகள்ல மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில ஓட்டினாங்க எண்டு சொல்லுவீங்க, மெய்தான், அது வேற வழி இல்லாம செஞ்சது, அந்த எஞ்சினெல்லாம் பட்டபாடு பாஸ்மாருக்குத்தான் தெரியும்.

பெற்றோல எடுக்கிற கையோட ஓயிலையும் பாருங்க. மிசின மட்டமா வச்சு, ஓயில் மூடியில இரிக்கிற குச்சியத் துடைச்சு, சுரை பூட்டாம சும்மா உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும். இந்த மிசின் பிடிக்கிறது 0.6 லீட்டர்தான். அளவு கூடியிருந்து பெற்றோல் மணமும் அடிச்சா காபரேட்டர் நீடில் (பெற்றோல் வரத்த அடைக்கிற ஊசி) ஒழுகி பெற்றோல் ஓயிலுக்குள்ள இறங்கியிரிக்கு, அதோட ஓட்டினா அப்பதான் உண்மையாவே போர் அடிக்க வேண்டி வரும். கிடந்து எழும்புற மிசினுக்கு ஓயில் மாத்திறதே நல்லம், 10டபிள்யூ-30 தர ஓயில் போதும், எங்கட வெயிலுக்கு தனி 30 தரமும் சரி. குறைஞ்சிருந்தா உள்ளுக்க இரிக்கிற ஓயில் சென்சர் கரண்ட வெட்டும், சாய்ஞ்ச வரம்பில மிசின வச்சாலும் வெட்டும், இதுவும் ஞாபகத்தில வச்சிருங்க.

அடுத்தது காபரேட்டர். இதுதான் உங்கட மிசின்ட சீவன் கிடக்கிற இடம், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். வெளிச்சத்தில, திறந்த வெளியில, ஒரு வெள்ளச் சீலைத்துண்ட விரிச்சிட்டு செய்ங்க, பக்கத்தில பீடி சுருட்டு ஒண்டும் வேணாம். பெற்றோல் ரப்ப (பெற்றோலத் திறந்து மூடுற திருகிய) மூடுங்க. ரப்புக்குக் கீழ ஒரு சின்னக் கிண்ணம் இரிக்கும், அதக் கழட்டினா அடியில மண்டி, தண்ணி, சிலவேளை புழுதி உருண்டு கிடக்கும். அதக் கழுவுங்க. மறுகா காபரேட்டருக்கு அடியில 10 சாவிக்கு ஒரு போல்ட், அதக் கழட்டினா கிண்ணம் கையோட வரும். உள்ளுக்க பாருங்க. மண்ணிறப் பிசின் எண்டா கழுவினாச் சரி. பச்சை பிடிச்சிருந்தா தண்ணி நிண்டிரிக்கு, அதுவும் பெரும்பாலும் சரிவரும். வெள்ள மா மாதிரிப் பூத்து உலோகம் அரிச்சுக் குழி விழுந்திருந்தா மட்டும் கழுவிப் பிரயோசனம் இல்ல, வேற காபரேட்டர்தான்.

கிண்ணம் இருந்த இடத்துக்கு நடுவில பித்தளையில ஒரு ஸ்குறு மாதிரி இரிக்கும், அதுதான் மெயின் ஜெட். வாயகலம் சரியான ஸ்குறுட்ரைவர் இல்லாட்டித் தொடாதீங்க, தலை தேஞ்சா மறுகா எடுக்க ஒண்ணாது. கழட்டி வானத்துக்குப் பிடிச்சுப் பாத்தா நடுவில வட்டமா வெளிச்சம் தெரியணும், அரை நிலா மாதிரித் தெரிஞ்சா அடைப்பு. அதுக்கு மேல ஒரு குழாய், சுத்திவர பொடி ஓட்டையள், தட்டினா தானா விழும், அந்த ஓட்டை ஒவ்வொண்டும் திறந்திருக்கணும். குத்துறதுக்கு ஊசி, துறப்பணம் ஒண்டும் வேணாம், ஓட்டை பெருத்தா பிறகு பெற்றோல் அள்ளிக் குடிக்கும். வயர் ஒண்டச் சீவி அதுக்குள்ள இரிக்கிற செம்பு நார்ல ஒண்ட எடுத்துக் குத்துங்க, காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிங்க, காத்தடிங்க.

இப்ப சொல்லப்போறதத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டிடுவாங்க. மெயின் ஜெட்ட மட்டும் கழுவிப் பூட்டிட்டு கழுவியாச்சு எண்டுவாங்க. காபரேட்டர்ட மேல்பக்கம், ஐடில் ஸ்பீட் ஸ்குறு இரிக்கெல்லா, அதுட தலைக்குக் கீழ கறுப்பு பிளாஸ்டிக்கில ஒரு சாமான் அமர்ந்து கிடக்கும். ஸ்குறுவ எத்தினை சுத்து எண்டு எண்ணி வச்சிட்டுக் கழட்டுங்க, பிளாஸ்டிக்க மெதுவா நெம்பி எடுங்க. அதுட நுனியில இரிக்கிற ஓட்டை தலைமயிரளவுதான், கண்ணுக்கு லேசில தெரியாது. அதுதான் பைலட் ஜெட். சோக்கத் திறந்ததும் நிக்கிற மிசின், ஏறி இறங்கி ஓடுற மிசின், பத்தில ஏழு எட்டுக்கு அடைப்பு அங்கதான் எண்டு என்ட கை அனுபவம் சொல்லுது. அந்தக் கறுப்புச் சாமான்ல மெல்லிய ரப்பர் வளையம் ஒண்டு இரிக்கும், துலைச்சிடாதீங்க.

கழுவிப் பூட்டியும் அதே வருத்தம் கிடந்தா காத்து கள்ளமா உள்ளுக்க போகுது எண்டு சந்தேகப்படலாம். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில கறுத்த இன்சுலேட்டர் துண்டும் ரெண்டு கேஸ்கட்டும் இரிக்கு, அது வெடிச்சிருந்தாலோ நட் தளர்ந்திருந்தாலோ இதே குணம்தான் காட்டும். பூட்டக்குள்ள எது எந்தப் பக்கம் எண்டு போன்ல படம் எடுத்து வச்சிருங்க, கேஸ்கட்டத் திருப்பிப் போட்டா காத்துப் போற ஓட்டை அடைபடும், நானே பழகின காலத்தில அப்பிடிப் போட்டு ஒரு நாள் முழுக்க கயிறு இழுத்திரிக்கன், பாஸ் பாத்துச் சிரிச்சார்.

இதக் கேக்க ஒரு கதை சொல்லணும். என்ட மச்சான் ஒராள் கனடாவில ஸ்காபரோவில இரிக்கார். போன வருசத்துக்கு முந்தின டிசம்பர், அங்க ராத்திரி 8 மணி, இங்க விடிய ஆறரை, நான் பல்லும் தீட்டல்ல, வீடியோ கோல் வந்திச்சு. மனுசன் தொப்பி, கையுறை எல்லாம் போட்டு முழங்கால் மட்டும் பனிக்குள்ள நிக்கார், முன்னால பனி அள்ளி எறியிற மிசின் ஒண்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார ஐயா வீடு மாறிப் போகக்குள்ள சும்மா குடுத்திட்டுப் போன கிழட்டுச் சாமான். சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குதாம். பிளக் மாத்தியாச்சு, கொயில் வாங்கியாச்சு, கேபிள் மாத்தியாச்சு, அங்க மெக்கானிக்க வீட்ட கூப்பிட்டா எடுக்கிற காசக் கேட்டா உங்களுக்கு மயக்கம் வரும். நான் என்ட வாழ்க்கையில பனி கண்டதில்ல, ஐஸ் பழம் கண்டதோட சரி. ஆனா கெமராவக் கிட்டக் கொண்டு வாங்க எண்டு பாத்தா நம்மட தண்ணி மிசின்ட கூடப்பிறந்தது மாதிரித்தான் காபரேட்டர், கிண்ணம், அடியில போல்ட். ஒரு வித்தியாசம், ஏர் பில்டரே இல்ல. முதல்ல களவு போயிட்டு எண்டு நினைச்சன், மறுகாதான் விளங்கிச்சு, பனிக்குள்ள புழுதி இல்ல, பில்டர் வச்சா பனி பிடிச்சு அடைச்சிடும் எண்டு கன மிசினுக்கு அதுகள் வைக்கிறல்ல. அங்க அந்த மிசின் பனி முடிஞ்சா அடுத்த பனி மட்டும் தாங்கி நிறையப் பெற்றோலோட கராஜ் மூலையில கிடக்கும், அதோட அங்கத்தப் பெற்றோல்ல எதனோல் வேற கலந்திரிக்கு, அது காத்தில இரிக்கிற ஈரத்த இழுத்து அடியில தண்ணியாத் தங்கவிடும். எங்கட மிசின் மாரி மழைக்கு வாடியில தூங்கும், அவங்கட மிசின் வெயிலுக்குத் தூங்கும், ரெண்டும் எழும்பக்குள்ள வருத்தம் ஒண்டுதான். கிண்ணத்தக் கழட்டச் சொன்னன், ஜெட்ட வெளிச்சத்துக்குப் பிடிச்சார், ஒண்டும் தெரியல்ல, முழு அடைப்பு. செம்பு நாரால குத்திப் பூட்டினார், ரெண்டாவது இழுவையில பத்திச்சு. ஒண்டு மட்டும் சத்தம் போட்டுச் சொன்னன், பனி சிக்கினா அந்த வாய்க்குள்ள கைய விடாதீங்க, மிசின நிப்பாட்டினாலும் விடாதீங்க, தடியால தட்டுங்க எண்டு. அது கையத் தின்னுற சாமான்.

இனி உங்கட ரெண்டாவது வருத்தம், சூடேறி நிக்கிறது. இதில எனக்கு நூற்றுக்கு நூறு நிச்சயம் இல்ல, மிசினத் தொடாம சொல்லவும் ஏலாது. பெற்றோல் காணாம ஓடுற மிசின் கூடச் சூடேறும், அதால காபரேட்டர் சரியானதும் இதுவும் தானா மாறலாம். மாறாட்டி நாலு இடத்தில ஒண்டு. எது எண்டு கண்டுபிடிக்க, நிண்ட அந்த நிமிசத்திலேயே பாக்கணும், ஆறின பிறகு பாத்தா எல்லாம் சரியாத்தான் இரிக்கும்.

நிண்ட உடன தாங்கி மூடியத் திறங்க. உஸ் எண்டு காத்து உள்ளுக்க இழுபட்டு, மறுகா கயிறு இழுக்க உடன பத்தினா மூடியில இரிக்கிற காத்து ஓட்டை அடைப்பு. பெற்றோல் இறங்க இறங்க மேல காத்து வரணும், வராட்டி போத்தலக் கவிழ்த்த மாதிரி பெற்றோல் வராம நிக்கும். அரை மணித்தியாலக் கணக்கு இதுக்கு நல்லாப் பொருந்துது. வாடிக்குள்ள கிடந்த மிசின்ல குளவி மண் அப்பி வைக்கிறது சாதாரணம்.

மூடியால இல்ல எண்டா பிளக்குக்கு கரண்ட் வருதா பாருங்க. வேற ஒரு பிளக்க வயர்ல மாட்டி எஞ்சின்ட இரும்பில முட்ட வச்சு கயிற இழுங்க, எஞ்சின்ல இரிக்கிற பிளக்கக் கழட்டாதீங்க, கழட்டினா அந்த ஓட்டையால வாற பெற்றோல் ஆவி பத்தும். சூட்டில கரண்ட் இல்ல, ஆறினா வருது எண்டா கொயிலச் சந்தேகப்படலாம். ஆனா கொயில் வாங்க ஓடாதீங்க, முதல்ல ஓயில் சென்சர்ல இருந்து வாற மஞ்சள் வயரக் கழட்டிப் போட்டு ஒருக்காப் பாருங்க, ஓப் சுவிச்சுக்குப் போற வயரையும் பாருங்க, எலி கடிச்சு எங்கயாவது இரும்பில முட்டினாலும் கரண்ட் போகும். சோதிச்ச பிறகு சென்சர் வயரத் திருப்பிப் போட மறக்காதீங்க. கொயில்தான் எண்டு முடிவானா, புதுசு போடக்குள்ள பிளைவீலுக்கும் கொயிலுக்கும் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி, விசிட்டிங் கார்ட் ஒண்ட இடையில வச்சு இறுக்கினா கிட்டத்தட்ட வரும்.

மூண்டாவது, பேன் கவர். கயிறு இரிக்கிற கவரக் கழட்டி உள்ளுக்க பாருங்க. களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்து வந்த மிசின் ஒண்டில எலி வைக்கோலும் சீலைத்துண்டும் கொண்டு வந்து சிலிண்டர் சிறகெல்லாம் அடைச்சு கூடு கட்டியிரிந்திச்சு, உள்ள நாலு குஞ்சு, கண்ணும் திறக்கல்ல. அந்த மிசினுக்கும் ஒராள் போர் அடிக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

நாலாவது வால்வு. பழைய மிசின்ல எக்சோஸ் வால்வு இருப்பில அமிழ்ந்து அமிழ்ந்து இடைவெளி இறுகிடும், சூட்டில வால்வு நீண்டா முழுசா மூடாது, அப்ப சூட்டில கம்ப்ரசன் போய் நிக்கும், ஆறினா வரும். உங்கட கராஜ்காரர் சொன்ன கம்ப்ரசன் குறைவுல ஒரு பங்கு மெய் இருந்தா அது இங்கதான் இரிக்கும் எண்டு எனக்குத் தோணுது. மேல் கவர்ல நாலு போல்ட், மிசின் நல்லா ஆறியிருக்கணும், பிஸ்டன மேல கொண்டு வந்து ரெண்டு வால்வும் தளர்ந்த இடத்தில வச்சு பீலர் கேச்சால பாருங்க, இன்லெட் 0.15, எக்சோஸ் 0.20 மில்லிமீட்டர். இது அரை மணித்தியால வேலை, தெரிஞ்ச பாஸிட்டக் குடுத்தா பெரிய காசு வராது. இடைவெளி வச்சும் காத்து சீறினா வால்வக் கழட்டி பேஸ்ட் போட்டு அரைக்கணும், அதுவும் போர் அடிக்கிறதுக்குக் கிட்ட வராது.

பிளக்கப் பத்திப் பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்ல, பழசு எண்டா மாத்துங்க, இடைவெளி 0.7 இல்லாட்டி 0.8. உங்கட பிளக் வெள்ளையாக் கிடக்கு எண்டு எழுதியிரிக்கீங்க, அதுவும் பெற்றோல் காணாதெண்ட என்ட கதைக்குத்தான் சாட்சி.

சீனக் காபரேட்டர் ஒண்டு மலிவாக் கிடைக்குதே, கழுவுற மெனக்கெடு என்னத்துக்கு எண்டு கீழ ஒராள் எழுதியிரிந்தார். போடலாம், பிழையில்ல, நானும் போட்டுக் குடுத்திரிக்கன். ஆனா சிலதுல ஜெட் அளவு மாறி வரும், புதுசப் போட்டும் ஏறி இறங்கி ஓடும், அப்ப நீங்க வருத்தம் வேற எங்கயோ எண்டு தேடுவீங்க. அதால பழசக் கழுவிப் பாத்து ஏலாட்டி மட்டும் புதுசு, அப்பிடிப் போட்டாலும் பழச வீசாதீங்க, அதுட ஜெட் ஒரு நாளைக்கு உதவும்.

பம்ப் பக்கத்தப் பத்தி நீங்க கேக்கல்ல, ஆனாலும் ஒண்டு. சோதிக்கிறதுக்கெண்டாலும் பம்புக்குள்ள தண்ணி ஊத்தாம ஓட்டாதீங்க, சீல் எரிஞ்சிடும். இன்னொண்டு, இது முக்கியம். இந்த வகைப் பம்ப் தண்ணிய மேல இழுக்கிறது 7 மீட்டர், கூடிப்போனா 8 மீட்டர், கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல எந்தப் பம்பாலயும் உறிஞ்ச ஏலாது. கோடையில கிணத்துத் தண்ணி இறங்கினதும் மிசினக் கயித்தில கட்டி கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டுற பழக்கம் சில இடத்தில இரிக்கு. பெற்றோல் மிசின்ட புகையில மணமில்லாத நஞ்சு இரிக்கு, கிணத்துக்குள்ள அது தேங்கி நிக்கும், நிண்ட மிசினப் பாக்க இறங்கினவர் மயங்கி, அவரத் தூக்க இறங்கினவரும் மயங்கி எண்டு சாவு விழுற வேலை அது. எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீங்க.

இவ்வளவையும் செய்ய உங்களுக்கு ஒரு பின்னேரம் காணும், செலவு ஸ்பிரே ரின் ஒண்டு, ஓயில், பிளக். ஓயிலும் பெற்றோலும் மாத்தி, ரெண்டு ஜெட்டும் கழுவி, கேஸ்கட் பாத்து, வால்வு இடைவெளி வச்சும் மிசின் சோக் இல்லாம நிக்கல்ல எண்டா அந்தக் காத்துச் சோதனையச் செஞ்சு எங்கால சீறுது எண்டு எழுதுங்க. ஓயில் ஓட்டையாலதான் சீறுது எண்டு வந்தா அந்தக் கராஜ்காரர்தான் சரி, நான் பிழை, அப்ப போர் அடிக்கிறதா புதுசு வாங்குறதா எண்டு விலையப் பாத்துப் பேசலாம்.

ஓடிச்செண்டா, கச்சான் முடிஞ்சு மிசின வாடிக்குள்ள வைக்கக்குள்ள ரப்ப மூடிட்டு தானா நிக்கிற மட்டும் ஓட விடுங்க, காபரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இரிக்கிற சின்ன ஸ்குறுவத் தளர்த்தி மிச்சச் சொட்டையும் விடுங்க, தாங்கியையும் காலியாக்குங்க. மிசின் ஆறினதும் பிளக் ஓட்டைக்குள்ள ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு பிளக்கப் பூட்டி, கயிற மெதுவா இழுத்து இறுகுற இடத்தில நிப்பாட்டி வைங்க, அந்த இடத்தில ரெண்டு வால்வும் மூடியிரிக்கும், மாரி ஈரம் உள்ளுக்க போகாது. தாங்கி மூடிக்கு மேல ஒரு சீலைத்துண்டு கட்டினா குளவியும் வராது.

பைலட் ஜெட்ட வெளிய எடுத்ததும் ஒரு படம் எடுத்துப் போடுங்க தம்பி, நுனி தெரியிற மாதிரி.